தட்டல் நின்ற பிறகு

அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். பேச்சு வந்த புதிதில் வைத்த பெயர். வயது முப்பதைத் தாண்டியும் அது அவளை விட்டபாடில்லை. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பட்டம் வாங்கியவள் போலத்தான் நடந்துகொள்வாள்.

அண்ணனின் மனைவியும் அவளும் சேர்ந்து முடி வெட்டும் கடை ஒன்று நடத்தினார்கள். நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இருந்தது கடை. முன்னால் இரண்டு சுழல் நாற்காலிகள், எதிரே நீளக் கண்ணாடி. தடுப்புச் சுவருக்குப் பின்னால் தலை அலசும் தொட்டி. அண்ணிக்குக் கை வேகம், வாயாடிக்கு வாய் வேகம். அவசரமாகப் போகவேண்டியவர்கள் அண்ணியின் நாற்காலியில் உட்காருவார்கள். ஊர்க்கதை வேண்டும் என்பவர்கள் எவ்வளவு நேரமானாலும் காத்திருந்து வாயாடியின் நாற்காலியில்தான் உட்காருவார்கள். "உங்க கடைக்கு வந்தா தலைபாரம் ரெண்டு விதத்துலயும் குறையுது" என்று மருந்துக்கடைக்காரர் சொல்வார்.

நிலநடுக்கம் வந்தது ஒரு காலைப்பொழுதில். கடை திறந்து முதல் ஆள் இன்னும் வரவில்லை. அண்ணி பின்னால் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாயாடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் பெரிய லாரி போகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கண்ணாடியில் தெரிந்த அவள் முகமே இரண்டாக உடைந்தது. கண்ணாடிக்குக் கீழிருந்த மேசைக்கு அடியில் எப்படிப் போனாள் என்பது இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

சத்தம் அடங்கியபோது ஒரே இருட்டு. வாயெல்லாம் சுண்ணாம்புத் தூள். காலை நீட்ட முடிந்தது, தலையைத் தூக்க முடியவில்லை. தடுப்புச் சுவர் அப்படியே சாய்ந்து அவளுக்கும் அண்ணிக்கும் நடுவில் நின்றது.

"அண்ணி!"

"இருக்கேன்டி." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "கால் மாட்டிக்கிச்சு. நெஞ்சு மேல என்னமோ கிடக்கு. பேசினா மூச்சு முட்டுது."

"அப்போ பேசாதீங்க. நான் பேசறேன். கையில எதாவது இருந்தா தட்டுங்க, கேட்குதுன்னு தெரியட்டும்."

சற்று நேரம் கழித்துத் தண்ணீர்க் குழாயில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது. டக். கழுவிக்கொண்டிருந்த இரும்புச் சீப்பு அண்ணியின் கையிலேயே இருந்திருக்கிறது.

வாயாடி பேச ஆரம்பித்தாள். வாடிக்கையாளர்களின் கதைகள், பக்கத்து வீட்டுச் சண்டைகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்தது. அதெல்லாம் தீர்ந்ததும் ஜோக்குகளுக்குப் போனாள். "நல்ல ஜோக்குக்கு ரெண்டு தட்டு, பழசுக்கு ஒரு தட்டு, சரியா?" என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு தட்டுதான் வந்தது. அந்த இருட்டிலும் அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

மேலே யாரோ கல்லைப் புரட்டும் சத்தம் கேட்கும், பிறகு நின்றுவிடும். அவள் கத்துவாள், பதில் வராது. திரும்பவும் அண்ணியிடம் கதை சொல்வாள். டக்.

பிறகு அந்தத் தட்டல் நின்றது.

ஒரு கதையை முடித்துவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. "அண்ணி, கேட்குதா?" இல்லை. "அண்ணி, ஒரே ஒரு தட்டு." இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தாள். ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பட்டது. அழுதுகொண்டே பேசினாள். தொண்டை கிழிய, ஏற்கெனவே சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு, மீட்புக்காரர்களின் விளக்கு வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழும்வரை பேசினாள். பொழுது சாயும் நேரத்தில் அவளை வெளியே எடுத்தார்கள். அந்தப் பேச்சுச் சத்தத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தார்களாம்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் அண்ணன் அவள் கட்டிலுக்கு அருகில் வந்து உட்கார்ந்தான்.

"உன் அண்ணி பிழைச்சுட்டா. கால்ல ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. நடப்பாளாம்."

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

தொண்டைப் புண் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. குரல் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். 'ஆமாம்', 'வேண்டாம்', 'வச்சுடறேன்'. அதற்கு மேல் ஒரு சொல் விழாது. பயந்துபோன அண்ணன் வீட்டில் ஒரு சட்டம் போட்டான்: "அந்த நாளைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவளா மறக்கட்டும்." பாசத்தில் போட்ட சட்டம். எல்லாரும் மீறாமல் நடந்தார்கள்.

கடைகளை இழந்தவர்களுக்கு ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தை ஒதுக்கியிருந்தார்கள். அண்ணியின் கால் ஒருவாறு தேறியதும் அங்கே தார்ப்பாய் கட்டி, கம்பத்தில் கண்ணாடியை மாட்டி, இரண்டு நாற்காலிகளைப் போட்டார்கள். வாயாடிக்கு இனிமேல் கூரைக்குக் கீழே வேலை பார்க்க முடியாது, திறந்தவெளிதான் நல்லது என்று அண்ணன் முடிவு செய்திருந்தான். அதைப் பற்றி யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கூரையைப் பற்றி அவளுக்குப் பெரிய பயம் ஒன்றும் இல்லை என்பது தெரிந்திருக்கும்.

அவளுடைய பயம் வேறு. முடி வெட்டும்போது மனிதர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஏதாவது சொன்னால் பதில் சொல்லாமல் அப்படியே இருப்பார்கள். முன்பெல்லாம் அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, தானே கேள்வி தானே பதில் என்று போய்க்கொண்டிருப்பாள். இப்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், காது பதிலுக்காக ஏங்க ஆரம்பித்துவிடும். பதில் கொஞ்சம் தாமதமானால் விரல் நுனிகள் சில்லிட்டுப்போகும். பேசினால்தானே காத்திருக்க வேண்டும்? பேசாமல் இருந்துவிட்டாள்.

கதை கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணியின் நாற்காலிக்கு மாறினார்கள். பாவம், அண்ணிக்குப் பேசத் தெரியாது. "மழை வருமா?" என்பாள். "வராது போல" என்பார்கள். அதோடு அவளுடைய சரக்கு தீர்ந்துவிடும்.

பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் மனநல ஆலோசகர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்தார். எப்போதும் சளி பிடித்து, கையில் கைக்குட்டையோடு இருக்கும் ஒரு பெண்மணி. அண்ணனின் நச்சரிப்புத் தாங்காமல் வாயாடி அங்கே போனாள். முதல் மூன்று வாரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மாவும் விரட்டவில்லை.

"பேசணும்னு இல்ல. டீ குடிச்சுட்டுப் போங்க" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். பயம் வந்தா அதைத் துரத்தாதீங்க, துரத்தினா வீட்டைச் சுத்தி ஓடும். எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க. கழுத்துலயா, வயித்துலயா, கையிலயா? பார்த்தா போதும்."

கையில்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

ஒருநாள் முற்பகலில் பஸ் கண்டக்டர் ஒருவர் முடி வெட்ட வந்தார். விடியற்காலை வண்டியை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். அண்ணியின் நாற்காலியில் ஆள் இருந்ததால் வாயாடியின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பேசாததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவரே பேசினார்.

"இன்னிக்கு ஒருத்தர் பீரோக் கதவைத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறிட்டாரும்மா. கண்ணாடி வச்ச கதவு. கூட்டமோ கூட்டம். 'சார், இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்'னேன். 'கண்ணாடிக்குள்ள இருக்கற ஆளுக்கா, கதவுக்கா?'ன்னு கேட்கறார்..."

வாயாடிக்குச் சிரிப்பு வந்தது. மாதக்கணக்கில் வராத சிரிப்பு. தன்னை மறந்து கேட்டுவிட்டாள்: "அப்புறம்? யாருக்கு எடுத்தார்?"

பதில் இல்லை.

"சார்? யாருக்கு டிக்கெட் எடுத்தார்?"

பதில் இல்லை. கண்டக்டரின் தலை மெல்ல முன்னால் சரிந்தது.

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. வாயாடி முன்னால் ஓடிவந்து அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினாள். "சொல்லுங்க! எதாவது சொல்லுங்க! சொல்லுங்களேன்!"

கண்டக்டர் அலறியடித்துக்கொண்டு எழுந்தார். "டிக்கெட்! டிக்கெட் எடுக்காதவங்க எடுத்துக்கோங்க!"

கார் நிறுத்துமிடமே திரும்பிப் பார்த்தது. வாயாடி வெட்டிப்போட்ட முடிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வெளியே எடுக்கப்பட்ட பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், வாய்விட்டு அழுதாள்.

அண்ணி தன் வேலையைப் போட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"பதில் வரல அண்ணி."

"தூங்கிட்டார்டி. விடியறதுக்கு முன்னாலயே எழுந்த மனுஷன்."

"நீங்களும் அன்னிக்கு அப்படித்தான். தட்டிக்கிட்டே இருந்தீங்க, திடீர்னு நிறுத்திட்டீங்க."

'அன்னிக்கு' என்ற சொல் அந்தக் குடும்பத்தில் அதுவரை யார் வாயிலும் வரவில்லை. அண்ணி அவளையே பார்த்தாள்.

"நான் செத்துட்டேன்னா நினைச்சே?"

வாயாடி தலையை ஆட்டினாள்.

"செத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டா அவ்வளவு நேரம் பேசினே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும், அவ்வளவு நேரம் பேசினேன்னு?"

"நல்லா கேட்டே போ! கால்தான்டி மாட்டிக்கிச்சு, காதா மாட்டிக்கிச்சு? எல்லாம் கேட்டுச்சு. சீப்பு கையில இருந்து நழுவி விழுந்துடுச்சு. நீட்டி நீட்டிப் பார்த்தேன், எட்டல. குரல் கொடுக்கலாம்னா நெஞ்சு விடல. சரி, அவ பேசறா, நான் கேட்டுக்கிட்டிருக்கேன், அது போதும்னு படுத்துக்கிட்டேன்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும். யானையும் தையல்காரரும் ஜோக்கை மூணு தடவை சொன்னே. மூணாவது தடவை தையல்காரரையே விட்டுட்டே. யானை மட்டும் வந்துட்டுப் போச்சு."

"அழுதுக்கிட்டே சொன்னேன் அண்ணி..."

"தெரியும். மூக்கை உறிஞ்சற சத்தமும் கேட்டுச்சு." அண்ணியின் குரல் இறங்கியது. "எனக்குக் கண்ணு சொருகிக்கிட்டே வந்துச்சு. தூங்கிடலாம்னு தோணும். இவ இந்தக் கதையை முடிக்கட்டும், அப்புறம் தூங்கலாம்னு நினைப்பேன். நீதான் எதையும் முடிக்கறதே இல்லையே. ஒண்ணுக்குள்ள இன்னொண்ணை ஆரம்பிச்சுடுவே. அப்படியே இழுத்துக்கிட்டு வந்து சேர்ந்தேன்."

வாயாடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். உங்க அண்ணன் வேற வாய்ப்பூட்டுப் போட்டு வச்சிருந்தாரே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று சொல்ல முடியாது. அழுகையும் சிரிப்பும் கலந்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, உடம்பெல்லாம் முடி ஒட்டிக்கொள்ளச் சிரித்தார்கள். அண்ணியின் நாற்காலியில் அரைத்தலையோடு இருந்தவரும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

கண்டக்டர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் வெட்டியாயிற்று, மறுபக்கம் காடு. "தப்பா எடுத்துக்காதீங்க. நான் இருக்கவா, இல்ல ஒரு தொப்பி வாங்கிட்டு வரவா?"

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அண்ணி எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நான் நல்லதுன்னு நினைச்சுத்தானே சொன்னேன்."

"நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா அவகிட்ட ஒரு பாதி இருந்துச்சு, என்கிட்ட ஒரு பாதி இருந்துச்சு. ரெண்டும் சேரவே இல்ல."

அண்ணன் மேசையைப் பார்த்தபடியே பேசினான். "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. கயிறு கட்டி எங்களை உள்ள விடல. வெளிய நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு ஓட்டை வழியா இவ குரல் கேட்டுச்சு. இவ குரல் மட்டும்தான். உன் குரலைத் தேடித் தேடிக் கேட்டேன். இல்ல. தங்கச்சி இருக்கான்னு சந்தோஷப்படறதா, நீ இல்லைன்னு அழறதான்னு தெரியாம, அந்தக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

அண்ணி அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மேலே நின்றவன் பாதியும், சுவருக்கு இருபக்கமும் இருந்தவர்களின் பாதிகளும் சேர்ந்து, அந்த நாள் அவர்கள் மூவருக்கும் அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. தெரிந்த பிறகு, நினைத்திருந்த அளவுக்கு அது பெரிதாக இல்லை. ஒரு மேசைக்குள் அடங்கிவிட்டது. ஆறிப்போன சாப்பாட்டைச் சூடுபண்ணி மூவரும் ரசித்துச் சாப்பிட்டார்கள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று வாயாடி நம்பினாள். மறுநாள் காலையில் ஒரு கிழவர் நாற்காலியில் கண்ணை மூடியதும் விரல்கள் பழையபடி சில்லிட்டன. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வாரம் ஆலோசகர் வந்ததும் நேராக அவரிடம் போனாள். இந்த முறை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள், கண்டக்டரிலிருந்து யானை வரைக்கும். அந்த அம்மா கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அண்ணி உயிரோட இருக்காங்க, நான்தான் தினமும் பார்க்கறேனே. அப்புறமும் ஏன் கை இப்படிப் பண்ணுது?"

"உங்களுக்குச் சேதி வந்துடுச்சு. கைக்கு இன்னும் வரல. அதுக்கு நீங்கதான் ஒவ்வொரு தடவையும் சொல்லணும். பேசுங்க, பதில் வராம இருக்கட்டும், கை நடுங்கட்டும், விடாம வேலையைப் பாருங்க. கடைசில ஆள் எழுந்து, துணியை உதறிட்டு நடந்து போவார் இல்ல? அதைக் கை பார்க்கணும். பல தடவை பார்க்கணும்."

"அதுக்கு வேணும்னே பதில் சொல்லாத ஆளுக்கு நான் எங்க போவேன்?"

ஆள் அடுத்த வாரமே வந்தார். விஷயம் கேள்விப்பட்ட கண்டக்டர் தானாகவே முன்வந்தார். "நான் தூங்கணும், நீ பேசணும். அவ்வளவுதானே? இதைவிடச் சுலபமான வேலை எனக்கு யாரும் கொடுத்ததில்லம்மா. வெட்ட முடி இல்லாட்டி சவரம் பண்ணு, சவரமும் இல்லாட்டி சும்மா தலையைச் சீவு."

சொன்னபடியே காலை வண்டி முடிந்ததும் வந்து உட்காருவார். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். வாயாடி பேசுவாள். முதலில் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, அவர் மூக்குக்கு அருகில் கையைக் கொண்டுபோய் மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். போகப்போகக் கையை நீட்டாமல் கண்ணாலேயே நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். சில நாள் முடியாமலும் போனது. ஒருநாள் லேசாகத் தரை அதிர்ந்து கண்ணாடி கம்பத்தில் தட்டியபோது அவளுடைய குரல் நின்றேவிட்டது. அன்று மீதியை அண்ணிதான் வெட்டி முடித்தாள். மறுநாள் அவர் மறுபடியும் வந்தார்.

ஒரு கட்டத்தில் கண்டக்டரே குறைப்பட்டுக்கொண்டார். "என்னம்மா இது, நீ சொல்ற கதையைக் கேட்கறதுக்காக முழிச்சுக்கிட்டே இருக்கேன். என் தூக்கம் போச்சு. வேற ஆளைப் பாரு."

கதை கேட்கிறவர்கள் திரும்பிவந்தார்கள். தார்ப்பாய்க்கு வெளியே வரிசை நின்றது. தன் நாற்காலி காலியானதில் அண்ணிக்கு நிம்மதி. மழையைப் பற்றி இனி யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை.

மழைக்காலம் வருமுன் அண்ணன் ஒரு கடை பார்த்தான். மேலே மாடி இல்லாதது, புதிதாகக் கட்டியது, தெருவைப் பார்த்த அகலமான வாசல். வாயாடிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சாமான்களை இறக்கிய அன்று உள்ளே போய் சுவரைத் தட்டிப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், "அண்ணி, தொட்டிக்கு வெந்நீரும் வருது!" என்று கூவினாள். திரும்பிப் பார்த்தால் அண்ணி தெருவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"நீ உள்ள பாரு. நான் போய் மிச்ச சாமானைக் கொண்டு வர்றேன்."

"மிச்சம் எதுவும் இல்லையே அண்ணி. கண்ணாடி வரைக்கும் வந்தாச்சு."

அண்ணி படியில் கால் வைக்கவில்லை. கைத்தடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். வாயாடிக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. கார் நிறுத்துமிடம் என்றதும் முதலில் தலையாட்டியது அண்ணி. வீட்டிலும் வாசல் பக்கத்து அறையில்தான் படுக்கிறாள். திறந்தவெளி தங்கைக்காக என்று அண்ணன் சொன்னபோது, ஆமாம் அவளுக்காகத்தான் என்பதுபோல அண்ணியும் பேசாமல் இருந்துவிட்டாள்.

வாயாடி வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"எங்க நிக்குது அண்ணி? கழுத்துலயா, வயித்துலயா?"

"கால்ல" என்றாள் அண்ணி. "மாட்டிக்கிட்ட காலு நகர மாட்டேங்குதுடி. உன்னை நோயாளி மாதிரி பார்த்துக்கிட்டவ நானு, எனக்கே இப்படின்னு வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"இதுல என்ன வெட்கம்? கால் அங்கேயே நிக்கட்டும். நாற்காலியை நான் கொண்டு வர்றேன்."

அண்ணியின் நாற்காலியை வாசற்படிக்கு வெளியே, நடைபாதை ஓரத்தில் போட்டார்கள். வாயாடியின் நாற்காலி உள்ளே. ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே என்று கடை நடந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். "காத்தோட்டமா வெட்டறது எங்க கடையோட விசேஷம்" என்று வாயாடி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். வாசல் வழியாக அண்ணியோடு நாள் முழுக்கப் பேச்சு. அண்ணியும் முன்னைக்கு இப்போது நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினாள்.

பிறகு தூறல் நாட்கள் வந்தன. அண்ணியின் நாற்காலி படிக்கு மேலே ஏறி, நிலைக்கதவுக்கு நேராக வந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே.

மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். அண்ணியின் நாற்காலியில் பள்ளி ஆசிரியை ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாய்ந்த வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது.

"கண்ணு கூசுதுங்க, கொஞ்சம் உள்ள தள்ளிக்கலாமா?" என்றார்.

"அதுக்கென்ன" என்று அண்ணி நாற்காலியைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வெயில் இன்னும் விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கண்ணாடிக்கு எதிரே, வாயாடியின் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பின்னங்கழுத்து முடியைச் சீவி அளவு பார்த்தாள். அவள் முழுக் கவனமும் கத்தரிக்கோலில் இருந்தது.

வாயாடி கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். கூவ வந்த வாயை அடக்கிக்கொண்டு, தன் நாற்காலியில் கண்ணை மூடியிருந்தவரின் தலையை லேசாகச் சாய்த்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.